கூடைப்பந்து தந்த நைஸ்மித்

(மூன்றாமாண்டு இளங்கலை வரலாற்று மாணவர், கல்லூரிக் கூடைப்பந்து அணி)

விளையாட்டுலகில் வென்றவருக்கே மாலை. கோப்பையை ஏந்தி நிற்பவரின் படம் நாளிதழில் வரும். தோற்று வெளியேறியவர் எந்தப் பேருந்தில் ஏறி ஊர் திரும்பினார் என்று எவரும் கேட்பதில்லை. இது உலக வழக்கு. ஆனால், இன்று உலகமெங்கும் கோடிக்கணக்கானோர் ஆடும் ஒரு விளையாட்டைத் தம் சிந்தனையால் உண்டாக்கிய ஒருவர், அதே விளையாட்டில் ஒரு பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக இருந்து, வென்றதைக் காட்டிலும் மிகுதியாகத் தோற்றார் என்றால் நம்ப முடிகிறதா? ஆம், நண்பர்களே! அவர்தாம் கூடைப்பந்தின் தந்தை டாக்டர் ஜேம்ஸ் நைஸ்மித். அவர் பொறுப்பிலிருந்த அணி வென்ற ஆட்டங்கள் 55. தோற்ற ஆட்டங்கள் 60.

இந்தக் கணக்கை நான் தேடிப் போகவில்லை. அதுவே எங்களைத் தேடி வந்தது. இவ்வாண்டு நம் கல்லூரி ஆடவர் கூடைப்பந்து அணி ஆடிய ஆட்டங்களில் வென்றவை குறைவு, தோற்றவை மிகுதி. திண்டுக்கல் வெயிலில் காய்ந்து கிடக்கும் சிமெண்டுத் தளம் காலைச் சுடாத அளவுக்கு ஆறும்வரை காத்திருந்து, மலைக்கோட்டையின் பக்கம் பொழுது சாயும்வரை பயிற்சி செய்தோம். ஆயினும் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் முதல் சுற்றோடு திரும்பினோம். தோற்கின்ற அணி எதற்கு என்ற பேச்சு விடுதியிலும் வகுப்பிலும் எழுந்தது. அடுத்த ஆண்டு சேரலாம் என்றிருந்த முதலாண்டு மாணவர் சிலர் தயங்கி விலகினர். அப்பொழுது எங்கள் உடற்கல்வி இயக்குநர் எங்களைத் தளத்திலேயே அமரவைத்து, 55-க்கு 60 என்ற கணக்குடைய ஒரு பயிற்சியாளரைப் பற்றிச் சொன்னார். பெயரைக் கடைசியில்தான் சொன்னார். அதன்பின் அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்கள்முன் வைக்கிறேன்.

பெற்றோரை இழந்த பிள்ளை

ஜேம்ஸ் நைஸ்மித் 1861ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 6ஆம் நாள், கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில் ஆல்மாண்ட் என்னும் சிற்றூருக்கு அருகே பிறந்தார். தந்தை ஜான் நைஸ்மித். தாய் மார்கரெட் யங். இருவரும் ஸ்காத்லாந்து வழிவந்தவர்கள். காடும் ஆறும் பனியும் சூழ்ந்த அந்நாட்டில் மரம் அறுப்பதே பலருக்குத் தொழில். 1870ஆம் ஆண்டில் குடற்காய்ச்சல் அக்குடும்பத்தைத் தாக்கியது. தந்தை இறந்த சில வாரங்களுக்குள் தாயும் மறைந்தார். அப்போது ஜேம்ஸுக்கு அகவை ஒன்பது. ஆதரவாக இருந்த பாட்டியும் சில ஆண்டுகளில் காலமாக, மணம் செய்துகொள்ளாத தாய்மாமன் பீட்டர் யங் பிள்ளைகளை வளர்த்தார்.

மாமன் கண்டிப்பானவர். அவரைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். உறைந்த ஆற்றின்மீது சிறுவன் ஜேம்ஸ் குதிரைகளை ஓட்டிச் சென்றபோது பனிப்பாளம் உடைந்து குதிரைகள் நீரில் விழுந்தன. சிறுவன் தன்னந்தனியாகப் போராடி அவற்றைக் கரையேற்றினான். மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்தால், மாமன் ஒரு மரத்தின் மறைவில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வரவில்லை. சிக்கலில் தானே விழுந்தவன் தானே எழவேண்டும் என்பது அவர் கொள்கை. இந்தப் பாடம் பிற்காலத்தில் நைஸ்மித்தின் பயிற்சி முறையிலும் தென்பட்டது.

அவ்வூர்ச் சிறுவர்கள் ஆடிய ஓர் ஆட்டத்தையும் இங்கே சொல்லியாகவேண்டும். பெரிய பாறை ஒன்றின் மேல் ஒரு கல்லை வைப்பார்கள். ஒருவன் அதற்குக் காவல் நிற்பான். மற்றவர்கள் சற்றுத் தொலைவிலிருந்து ஆளுக்கொரு கல்லை எறிந்து அதனை வீழ்த்தவேண்டும். குறி தவறினால், காவலனிடம் அகப்படாமல் தன் கல்லை எடுத்துக்கொண்டு திரும்பவேண்டும். வேகமாக எறிந்த கல் தவறினால் வெகுதூரம் போய்விடும். அதை எடுப்பதற்குள் காவலன் பிடித்துவிடுவான். மேல்நோக்கி மெல்ல வளைத்து எறிந்தாலோ கல் அருகிலேயே விழும். கோலியும் கிட்டிப்புள்ளும் ஆடி வளர்ந்த நமக்கு இந்த நுட்பம் எளிதில் விளங்கும். வலிமையைவிடக் குறியே பெரிது என்னும் அந்த உண்மை சிறுவன் ஜேம்ஸின் மனத்தில் தங்கிவிட்டது.

காட்டிலிருந்து கல்லூரிக்கு

நைஸ்மித் படிப்பில் முதல் மாணவராக விளங்கியவர் அல்லர். பதினைந்தாம் அகவையில் பள்ளியை விட்டு நீங்கி, மரம் வெட்டும் கூட்டத்தோடு காட்டில் உழைத்தார். சில ஆண்டுகள் கழிந்தபின் தம் பிழையை உணர்ந்தார். தம்மைவிட இளையவர்களோடு பெஞ்சியில் அமர நாணாமல் மீண்டும் பள்ளியில் சேர்ந்து படித்து முடித்தார். 1883இல் மாண்ட்ரியால் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் பெற்றார். பின்னர் போதகராக வேண்டும் என்னும் விருப்பத்தால் சமயக் கல்லூரியிலும் பயின்று 1890இல் படிப்பை முடித்தார்.

படித்த காலத்தில் ரக்பி, லாக்ராஸ், உடற்பயிற்சி ஆகியவற்றில் சிறந்து விளங்கினார். விளையாட்டு என்பது தீயவர்களின் பொழுதுபோக்கு என்று சமயப் பெரியோர் பலர் எண்ணியிருந்த காலம் அது. அவருடைய நண்பர்களே அவருக்காக வருந்தினர். ஒருநாள் ஆட்டத்தின் நடுவே, அவருக்கு அருகில் ஆடிய ஒருவர் சினமுற்றுத் தகாத சொல் கூறிவிட்டார். உடனே நைஸ்மித் அருகில் இருப்பதை உணர்ந்து, அவரிடம் மன்னிப்புக் கேட்டார். நைஸ்மித் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அறிவுரை கூறவும் இல்லை. உடன் ஆடினார், அவ்வளவே. பிரசங்க மேடையில் நின்று செய்ய முடியாத ஒன்றை ஆடுகளத்தில் நின்று செய்ய முடியும் என்று அவர் தெளிந்தது அன்றுதான். போதகர் அங்கியை ஒதுக்கிவிட்டு, 1890இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குச் சென்றார். அங்கே முதலில் மாணவர். மறு ஆண்டு ஆசிரியர்.

அடங்காத வகுப்பும் பதினான்கு நாளும்

குளிர்காலம் வந்தால் ஸ்பிரிங்ஃபீல்டில் வெளியே ஆட இயலாது. உடற்பயிற்சிக் கூடத்துக்குள் அணிவகுப்பும் கம்பிப் பயிற்சியுமே உண்டு. இலையுதிர்காலம் முழுவதும் கால்பந்தாடிய இளைஞர்களுக்கு இவை வேம்பாகக் கசந்தன. அவர்களுள் 18 பேர் கொண்ட ஒரு வகுப்பு எவருக்கும் அடங்கவில்லை. இரண்டு ஆசிரியர்கள் முயன்று கைவிட்டனர். உடற்கல்வித் துறைத் தலைவர் லூதர் கியூலிக், அவ்வகுப்பை நைஸ்மித்திடம் ஒப்படைத்தார். கூடத்துக்குள் ஆடத்தக்க, எளிதில் கற்கத்தக்க, காயம் விளைவிக்காத ஒரு புதிய விளையாட்டைக் கண்டுபிடிக்குமாறும் பணித்தார். அதற்குத் தந்த காலம் இரண்டே வாரம்.

முதலில் நைஸ்மித் பழைய விளையாட்டுகளையே மாற்றிப் பார்த்தார். கால்பந்தை உள்ளே ஆடவிட்டார். சன்னல்களுக்கு ஆபத்து வந்தது. லாக்ராஸ் ஆடவிட்டார், கைகால்களுக்கு ஆபத்து வந்தது. நாள்கள் ஓடின. பதினான்காம் நாள் நெருங்கியது. தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டிய நிலை.

அப்பொழுதுதான் அவர் ஆட்டங்களை மாற்றுவதை விடுத்து, அவற்றின் அடிப்படையை ஆராயலானார். ரக்பி ஏன் முரட்டு ஆட்டமாக இருக்கிறது? ஓடுகிறவனைப் பிடித்துத் தள்ளுவதால். அவனை ஏன் தள்ளவேண்டும்? அவன் பந்தோடு ஓடுவதால். அப்படியானால் பந்தோடு ஓடக்கூடாது என்று விதி செய்துவிட்டால் தள்ளவேண்டிய தேவையே இல்லை. இது முதற்படி. அடுத்து இலக்கு. இலக்கு செங்குத்தாகத் தரையில் நின்றால், வலிமை உள்ளவன் வேகமாக அடித்து வெல்வான். இலக்கைத் தலைக்குமேலே உயர்த்திக் கிடையாக வைத்துவிட்டால்? பந்து மேலே எழுந்து, வளைந்து, மெல்ல இறங்கினாலன்றி உள்ளே விழாது. ஆல்மாண்டில் பாறைமேல் கல் வைத்து ஆடிய ஆட்டம் நினைவுக்கு வந்தது. முரட்டு வலிமை பயன்படாத ஒரு விளையாட்டு பிறந்துவிட்டது!

பழக்கூடையும் பந்தும்

1891ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஒருநாள் காலை. பதினெட்டு அங்குலப் பெட்டிகள் இரண்டு வேண்டுமென்று பள்ளிப் பணியாளர் ஸ்டெபின்ஸிடம் நைஸ்மித் கேட்டார். பெட்டி இல்லை; பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டு கிடைத்தன. நம் சிறுமலைப் பழங்கள் கூடையில் இறங்குவதுபோல அவ்வூரில் அப்பழம் கூடையில் வரும். பெட்டி கிடைத்திருந்தால் இந்த விளையாட்டுக்கு என்ன பெயர் வந்திருக்குமோ! கூடத்தைச் சுற்றியிருந்த மாடத்தின் அடியில் இருபுறமும் அக்கூடைகளை ஆணியடித்து மாட்டினார். அந்த மாடம் தரையிலிருந்து பத்தடி உயரம். இன்றைக்கும் உலகமெங்கும் வளையத்தின் உயரம் பத்தடியே. ஒரு கட்டடத்தின் மாடம் இருந்த உயரம், ஒரு விளையாட்டின் மாறாத சட்டமாகிவிட்டது.

விதிகள் பதின்மூன்று, எழுதித் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பந்தை எத்திசையிலும் எறியலாம், முட்டியால் குத்தக்கூடாது. பந்துடன் ஓடக்கூடாது. எதிரியைத் தோளால் இடித்தல், பிடித்தல், தள்ளுதல், இடறுதல், அடித்தல் கூடாது. இரண்டாம் முறை தவறு செய்தவர், அடுத்த கூடை விழும்வரை வெளியே நிற்கவேண்டும். ஓர் அணி தொடர்ந்து மூன்று தவறுகள் செய்தால் எதிரணிக்கு ஒரு கூடை. ஆட்டக்காலம் பதினைந்து நிமிடமாக இரண்டு பகுதி. நடுவில் ஐந்து நிமிட ஓய்வு. உற்று நோக்கினால், இவ்விதிகளுள் பல மனிதன் தன் சினத்தை அடக்குவதற்காகவே எழுதப்பட்டவை என்பது புலப்படும்.

பதினெட்டு பேரையும் அணிக்கு ஒன்பதாகப் பிரித்தார். கால்பந்து ஒன்றை நடுவில் தூக்கிப் போட்டார். அன்று விழுந்த கூடை ஒன்றே ஒன்று. அதைப் போட்டவர் வில்லியம் சேஸ். கூடைக்கு அடி இருந்தமையால் ஏணி வைத்து ஏறிப் பந்தை எடுக்க வேண்டியிருந்தது. பின்னர் இரும்பு வளையமும் வலையும் வந்தன. அந்த வலையின் அடியைத் திறந்துவிடலாம் என்ற எண்ணம் தோன்றவும் சில ஆண்டுகள் ஆயின. மாடத்தில் நின்ற பார்வையாளர்கள் கையை நீட்டிப் பந்தைத் தடுத்ததனால், அவர்களை விலக்கவே கூடைக்குப் பின்னால் பலகை வந்தது. பந்தைத் தட்டிக்கொண்டே ஓடும் டிரிபிள் முறையை நைஸ்மித் விதியில் எழுதவில்லை, ஆட்டக்காரர்களே கண்டுபிடித்தனர். அதைக் கண்டு அவர் மகிழவே செய்தார்.

மாணவர் ஒருவர் இவ்விளையாட்டுக்கு அவர் பெயரையே சூட்டலாம் என்றார். நைஸ்மித் சிரித்து மறுத்துவிட்டார். அதன்பின் அம்மாணவரே கூடைப்பந்து என்னும் பெயரைச் சொல்ல, அதுவே நிலைத்தது. 1892 சனவரி 15இல் விதிகள் பள்ளியின் இதழில் அச்சாயின. அவ்வாண்டு மார்ச்சு 11இல் ஆசிரியர்களும் மாணவர்களும் மக்கள்முன் ஆடினர். மாணவர்கள் 5-1 என வென்றனர். தோற்ற ஆசிரியர் அணியில் நைஸ்மித்தும் இருந்தார்! அருகிலிருந்த பள்ளி ஆசிரியைகளும் ஆட விரும்பினர். பெண்கள் ஆடலாமா என்று பலர் ஐயுற்ற காலத்திலேயே அவர் இசைந்து கற்றுக்கொடுத்தார். முதன்முதலில் ஆடிய பெண்களுள் மோட் ஷெர்மன் என்பவரும் ஒருவர். 1894இல் அவரையே நைஸ்மித் மணந்தார்.

ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து நம் ஊர் வரை

அப்பள்ளியில் பயின்றவர்கள் பல நாடுகளுக்கு ஒய்.எம்.சி.ஏ. பணிக்காகச் சென்றனர். சென்ற இடமெல்லாம் பந்தையும் விதித்தாளையும் எடுத்துச் சென்றனர். அவ்வாறு ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னைக்கு வந்து, 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. நந்தனத்தில் இன்று நாம் காணும் அக்கல்லூரியில் பயின்றவர்கள் தமிழகத்துப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் உடற்பயிற்சி ஆசிரியர்களாகப் பரவினர். நம் பாட்டனார் காலத்து மாணவர்கள் டிரில் மாஸ்டர் என்று அஞ்சியும் அன்பு கொண்டும் அழைத்த ஆசிரியர்களுள் பலர் அந்த வழியில் வந்தவர்களே.

இந்தியாவில் ஆடவர்க்கான தேசியக் கூடைப்பந்துப் போட்டி 1934இல் தொடங்கிற்று. நம் பகுதியில் இவ்விளையாட்டின் மீதுள்ள பற்றை அறிய வெகுதூரம் போகவேண்டியதில்லை. வத்தலக்குண்டு வழியாகப் பேருந்து ஏறிப் பெரியகுளம் சென்றால் போதும். அங்குப் பல்லாண்டுகளாக நடந்துவரும் அகில இந்தியப் போட்டியின் மாலை ஆட்டங்களைக் காண ஊரே திரண்டு வரும். நம் அணியில் பலருக்குக் கூடைப்பந்தின்மேல் முதற்காதல் பிறந்த இடம் அதுதான்.

வென்றது 55, தோற்றது 60

விளையாட்டைக் கண்டுபிடித்தபின் நைஸ்மித் அதைக்கொண்டு பொருள் ஈட்ட முயலவில்லை. காப்புரிமை கோரவும் இல்லை. 1895இல் டென்வர் நகருக்குச் சென்று, ஒய்.எம்.சி.ஏ.வில் பணிசெய்துகொண்டே மருத்துவம் படித்து 1898இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே லாரன்ஸ் நகரிலுள்ள கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் வழிபாட்டுக் கூடப் பொறுப்பும் உடற்கல்வியும் ஏற்றார். அங்கு ஓர் அணி உருவாயிற்று. 1899 பிப்ரவரி 3ஆம் நாள் முதல் ஆட்டம். கான்சாஸ் நகர ஒய்.எம்.சி.ஏ. அணியிடம் 16-5 என்ற கணக்கில் தோல்வி!

1907 வரை அவர் பொறுப்பில் அணி ஆடியது. அவர் பயிற்றுவித்த முறையைப் பார்த்தால் இன்றைய பயிற்சியாளர்கள் வியப்பர். தந்திரங்கள் வகுப்பதில்லை, கோட்டருகே நின்று கூவுவதில்லை. சில ஆட்டங்களில் அவரே நடுவராகவும் நின்றார். ஆட்டத்தை ஆடவேண்டியவர்கள் ஆட்டக்காரர்கள். வெளியிலிருந்து இயக்குவது முறையன்று என்பது அவர் எண்ணம். மரத்தின் மறைவில் நின்ற மாமனின் நிழலை இங்கே காண்கிறோம். மாணவர் ஒவ்வொருவரின் உயரம், எடை, உடல்நிலை ஆகியவற்றை அளந்து பார்ப்பதிலும், நலிந்தவனைத் தேற்றுவதிலும் அவர் காட்டிய ஆர்வம், ஆட்டக் கணக்கில் காட்டிய ஆர்வத்தைவிட மிகுதி. கான்சாஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வரலாற்றில் தோல்வி மிகுந்த கணக்கோடு விலகிய ஒரே பயிற்சியாளர் அவர்தாம்.

இதை மறைக்கவோ, தோல்வியே நல்லது என்று சாதிக்கவோ நான் வரவில்லை. அவருடைய ஆட்டக்காரர்களும் வெல்லவே விரும்பியிருப்பர், நாங்களும் அப்படியே. இன்னும் சற்றுத் தந்திரம் கற்பித்திருந்தால் அந்தக் கணக்கு மாறியிருக்கலாம். ஆயினும் ஓர் ஆசிரியரின் கணக்கு ஆட்டம் முடிந்த மணியோடு முடிந்துவிடுவதில்லை. அதற்கு இருவர் சான்று.

இரண்டு மாணவர்கள்

முதலாமவர் ஃபாரஸ்ட் ஆலன். நைஸ்மித்தின் அணியில் ஆடியவர். கூடைப்பந்துக்குப் பயிற்சியளிப்பதையே தொழிலாகக் கொள்ள அவர் விரும்பியபோது, இது ஆடுவதற்குரியது, பயிற்றுவதற்குரியது அன்று என்று நைஸ்மித் கருதினார். இந்தக் கருத்தில் ஆசிரியர் தவறினார்; மாணவர் சரியாக இருந்தார். நைஸ்மித்துக்குப்பின் அப்பொறுப்பை ஏற்ற ஆலன், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக 1956 வரை அதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றி 590 ஆட்டங்களில் வெற்றி கண்டார். தம் மாணவன் தம்மை விஞ்சியதற்காக நைஸ்மித் பொறாமை கொள்ளவில்லை. இருவரும் இறுதிவரை நண்பர்களாகவே வாழ்ந்தனர்.

இரண்டாமவர் ஜான் மெக்லெண்டன். கறுப்பின இளைஞர். 1930களில் கான்சாஸில் சேர்ந்த அவருக்குப் பல்கலைக்கழக அணியில் இடமில்லை. திறமை இல்லாமையால் அன்று, நிறத்தால். தந்தையின் சொற்படி அவர் நேரே முதிய நைஸ்மித்திடம் சென்று, தமக்கு வழிகாட்ட வேண்டினார். நைஸ்மித் ஏற்றுக்கொண்டார். அணியில் ஓர் ஆட்டம்கூட ஆட இயலாத அந்த இளைஞர், கூடைப்பந்தைக் கண்டவரிடமே அதன் நுட்பங்களைக் கற்று 1936இல் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் டென்னசி மாநிலக் கல்லூரி அணியை 1957, 1958, 1959 என அடுத்தடுத்து மூன்றாண்டுகள் தேசிய வாகையராக்கினார். எந்த ஆட்டப் பதிவேட்டிலும் நைஸ்மித்தின் பெயரில் ஏறாத வெற்றிகள் இவை.

மழையில் நடந்த இறுதி ஆட்டம்

1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்கப் போட்டியாயிற்று. அதற்குப் பெரிதும் பாடுபட்டவர் மாணவர் ஆலன். பெர்லின் செல்ல நைஸ்மித்திடம் பணமில்லை. தாம் கண்ட விளையாட்டால் எத்தனையோ பேர் வாழ்ந்தனர். அவரோ ஆசிரியர் ஊதியத்தில் வாழ்ந்தார். பயிற்சியாளர்கள் ஒன்றுகூடி, ஆட்டங்களுக்கு விற்ற ஒவ்வொரு சீட்டிலிருந்தும் ஒரு சென்ட் வீதம் திரட்டி அவரை அனுப்பி வைத்தனர்.

ஆகஸ்டு 7ஆம் நாள் முதல் ஆட்டத்துக்குப் பந்தைத் தூக்கிப் போட்டவர் எழுபத்து நான்கு அகவை நிரம்பிய நைஸ்மித்தே. 21 நாடுகள் கலந்துகொண்டன. கூடத்துக்குள் ஆடுவதற்காகவே பிறந்த விளையாட்டை, வெளியே மண்தளத்தில் நடத்தினர். இறுதி ஆட்டத்தன்று மழை கொட்டியது. சேற்றில் பந்து எழும்பவில்லை. அமெரிக்கா 19, கனடா 8. ஒன்று அவர் வாழ்ந்த நாடு. மற்றொன்று அவர் பிறந்த நாடு. இரு நாட்டு இளைஞர்களுக்கும் பதக்கங்களை அவரே வழங்கினார்.

1937இல் பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டே மனைவி மோட் காலமானார். 1939 நவம்பர் 28ஆம் நாள், எழுபத்தெட்டாம் அகவையில் லாரன்ஸ் நகரில் நைஸ்மித்தும் மறைந்தார். அவர் எழுதிய கூடைப்பந்து வரலாற்று நூல் 1941இல் வெளிவந்தது. அச்சில் காண அவர் இல்லை. ஸ்பிரிங்ஃபீல்டிலுள்ள கூடைப்பந்துப் புகழ்மன்றம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அன்று பலகையில் ஒட்டிய பதின்மூன்று விதிகளின் தாள் 2010இல் 43 இலட்சம் டாலருக்குமேல் விலைபோயிற்று. இப்போது அது, அவர் வென்றதைவிட மிகுதியாகத் தோற்ற அதே கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் காட்சிக்கு இருக்கிறது.

நாம் கொள்ளவேண்டியது

இந்திய ஆடவர் அணி ஒலிம்பிக்கில் கூடைப்பந்து ஆடியது ஒரே ஒருமுறை, 1980இல் மாஸ்கோவில். பன்னிரண்டு அணிகளுள் பன்னிரண்டாம் இடம். ஓர் ஆட்டத்திலும் வெற்றியில்லை. ஆயினும் அந்த வீரர்களைத் தவிர, அந்த மேடையில் நம் நாட்டுக்காக இவ்விளையாட்டை ஆடிய ஆடவர் வேறு எவரும் இல்லை. அவர்கள் போகாமலே இருந்திருக்கலாம் என்று சொல்ல நமக்கு மனம் வருமா?

நம் அணியையும் அந்த மனத்தோடு எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். இவ்வாண்டு நாங்கள் கொண்டுவந்த கோப்பை ஏதுமில்லை. ஆனால் வேடசந்தூரிலிருந்தும் நத்தத்திலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் பேருந்தில் வந்து படிக்கும் மாணவர்கள், ஒருவர் ஊரை மற்றவர் அறியாதவர்கள், ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் பந்தை நம்பிக்கையோடு கொடுக்கக் கற்றோம். நடுவர் தவறென்று ஊதியபோது, உள்ளம் கொதித்தும் கையை உயர்த்தி ஒப்புக்கொள்ளக் கற்றோம். அந்தப் பதின்மூன்று விதிகள் எழுதப்பட்டதே இதற்காகத்தான். இதனை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டாது.

அடுத்த ஆண்டு வெல்லவேண்டும் என்ற ஆசை எங்களுக்கு உண்டு. ஆலனைப்போல முறையாகப் பயிற்சி பெறவேண்டும். இன்னும் முன்னதாகவே தொடங்கவேண்டும். நாங்கள் சிலர் இவ்வாண்டோடு விடைபெறுகிறோம். தயங்கி நிற்கும் முதலாண்டுத் தம்பிகளே, கல்லூரி திறந்ததும் ஒரு மாலை தளத்துக்கு வாருங்கள். உயரமானவர்தாம் வரவேண்டும் என்பதில்லை. முன்பே ஆடியிருக்க வேண்டும் என்பதுமில்லை. பதினெட்டு அடங்காத பிள்ளைகளுக்காக ஓர் ஆசிரியர் கட்டிவைத்த கூடை அதே பத்தடி உயரத்தில் உங்களுக்காகக் காத்திருக்கிறது. பந்தை எடுங்கள், மெல்ல வளைத்து எறியுங்கள். விழுந்தாலும் ஆட்டம் உண்டு. விழாவிட்டாலும் ஆட்டம் உண்டு. தளத்தில் ஆளில்லாமற் போனால்தான் ஆட்டம் இல்லை.